அருமை, மிஸஸ் பிக்கப்!

வில்ஃபிரட் என்ட்விசில் தம் உத்தியோக காலத்தில் ஆயிரக்கணக்கான பேரை முகத்துக்கு நேரே அழ வைத்தவர். கார் ஓட்டும் உரிமத்துக்குத் தேர்வு வைக்கும் அதிகாரி. மடியில் அட்டையை வைத்துக்கொண்டு அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாலே, ஓக்கன்ஷா ஊரில் பாதிப் பேருக்கு கிளட்ச் எது, பிரேக் எது என்று மறந்துவிடும். வழியில் திடீரென்று அட்டையால் முன்பலகையில் ஓங்கி ஓர் அடி அடிப்பார். அடித்த அதே நொடியில் வண்டி நிற்க வேண்டும். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, "உங்களுக்குச் சொல்ல வருந்துகிறேன். நீங்கள் தேர்ச்சி பெறவில்லை" என்பார். குரலில் வருத்தம் மருந்துக்கும் இருக்காது. பிள்ளைத்தாய்ச்சி, பாதிரியார், சொந்த மைத்துனர் என்று யாருக்கும் அவர் தயவு பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு தட்டு மாட்டு ஈரலைப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியாமல் பதினோரு வருடம் தவித்தார். வேறு ஊர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்களுக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. எங்களில் யாராயிருந்தாலும் அப்படித்தான் தவித்திருப்போம்.

லங்காஷயரில் எங்கள் பக்கத்துப் பேச்சு அப்படி. சாப்பாடு தேவாமிர்தமாக இருந்தால் "மோசமில்ல" என்போம். அதற்கு மேல் புகழ எங்களுக்கு வராது. கல்யாணக் கோலத்தில் வந்து நிற்கிற பெண்ணைப் பார்த்தும் மாப்பிள்ளை அதையேதான் சொல்வான். வாயில் வைக்க விளங்கவில்லை என்றால் மட்டும், முகமெல்லாம் பல்லாக, "அருமை!" என்போம். எவ்வளவு கேவலமோ அவ்வளவு பெரிய அருமை. உண்மையைப் பேசுவதற்கென்றே கார் இருக்கிறது. கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றி, தெருமுனை திரும்பிய பிறகு ஆரம்பிப்போம்.

சந்தைக் கட்டடத்தை ஒட்டினாற்போல் இருப்பது 'பிக்கப்ஸ்'. ஊருக்கே செல்லமான சாப்பாட்டுக்கடை. எந்நேரமும் ஆவி படிந்த கண்ணாடி, ஒன்றுக்கொன்று பொருந்தாத நாற்காலிகள், மேசைக்கு ஒரு வினிகர் புட்டி. கேட்காமலே ரொட்டியும் வெண்ணெயும் வந்துவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே, மாவுக்குள் பொதிந்து சுட்ட சீஸ் வெங்காயப் பை போடுவார்கள். மேல்மாவு பொன்னாகப் பொரிந்து, கத்தி வைத்ததும் உள்ளிருந்து பாலாடைக்கட்டி இளகி வழியும். தொட்டுக்கொள்ள, வினிகரில் ஊறிய சிவப்பு முட்டைகோஸ். இதற்காகவே எங்கள் ஊர்க்காரர்கள் வெள்ளிக்கிழமைகளில் சாகாமல் பார்த்துக்கொள்வார்கள்.

கடையை நடத்துபவள் மேவிஸ் பிக்கப். ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிட. வருகிறவர் நகரசபைத் தலைவரானாலும் சரி, சாக்கடை அடைப்பு எடுப்பவரானாலும் சரி, அவளுக்கு எல்லாரும் "கண்ணு"தான். வில்ஃபிரட் மட்டும் "மிஸ்டர் என்ட்விசில்". காரணம் ஊருக்கே தெரியும். இளவயதில் கடைக்கு வண்டி ஓட்ட உரிமம் கேட்டுப் போன மேவிஸை அவர் மூன்று முறை தேர்ச்சி பெறாமல் அனுப்பியிருக்கிறார். நாலாவது முறை அவள் தேறிவிட்டாள். ஊரே கொஞ்சம் ஏமாந்துபோனது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, வில்ஃபிரட் வழக்கம்போல் பை கேட்டார். "பை தீர்ந்துபோச்சு, மிஸ்டர் என்ட்விசில். ஈரல் இருக்கு" என்று சொல்லி ஒரு தட்டை வைத்தாள் மேவிஸ். சாம்பல் நிறத்தில் நாலு துண்டு ஈரல், மேலே கருகிய வெங்காயம், சுற்றிலும் அசையாத குழம்பு. வில்ஃபிரட்டுக்குச் சின்ன வயதிலிருந்தே ஈரல் ஆகாது. மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். "எப்படி?" என்று கேட்டாள். "அருமை, மிஸஸ் பிக்கப்!" என்றார். அடுத்த வாரமும் பை இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. நாலாவது வாரம் கேட்காமலே ஈரல் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்று முதல் பக்கத்து மேசைக்காரர்கள் பை தின்பதைப் பார்த்துக்கொண்டே அவர் ஈரல் தின்றார்.

தப்பிக்கப் பார்க்காமல் இல்லை. கைக்குட்டையில் சுருட்டி வீட்டு நாய்க்குக் கொண்டுபோனார். அது மோந்து பார்த்துவிட்டு, இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது. "இன்னைக்குப் பசி அவ்வளவா இல்லை" என்று சொல்லிப் பார்த்தார். மேவிஸ் பாதியைத் தட்டில் வைத்து, மீதியைக் கட்டிக் கையில் கொடுத்தாள். சனிக்கிழமை மதியமும் ஈரலாயிற்று.

அப்புறம்தான் கால் பெருவிரல் வீங்கியது. போர்வையின் ஓரம் பட்டாலே உயிர் போகிறது என்றார். மருத்துவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, யூரிக் அமிலம் தலைக்கு மேலே போய்விட்டது என்றார். "ஈரலை விடுங்க. இல்லேன்னா நடக்கிறதை விடுங்க" என்று முடித்துவிட்டார்.

ஷூ நுழையாததால், வியாழக்கிழமை அவர் மனைவி எட்னா அவருடைய பழைய கம்பளிச் செருப்பில் விரல் நுழைய ஓட்டை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நீ மேவிஸ்கிட்ட சொல்ற."

"என்னன்னு சொல்றது?"

"ஈரல் வேண்டாம்னு சொல்லு. ரெண்டே வார்த்தை. மூணாவதா ஒண்ணு வேணும்னா 'தயவுசெஞ்சு' போட்டுக்க."

"பதினோரு வருஷம் அருமைன்னுட்டு, இப்ப போய் எப்படி எட்னா? அவ மனசு என்ன பாடுபடும்? அப்ப இத்தனை வருஷமும் பொய் சொன்னியான்னு கேப்பாளே."

"பொய்தானே சொன்னே?"

"பொய் இல்லை. மரியாதை."

"உன் மரியாதைதான் விரல்ல வீங்கிட்டு நிக்குது. என் தம்பி அழ அழ அவனைத் தேறலைன்னு சொல்லி அனுப்பினியே, அப்ப இந்த மரியாதை எங்க போச்சு?"

"அது உத்தியோகம்."

"நாளைக்கு நீ சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்."

வில்ஃபிரட் வெலவெலத்துப் போனார். மனைவி சொல்லிவிட்டால் அப்புறம் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போவதைத் தவிர வழியில்லை. எந்த ஊர் என்று கூடப் படுக்கையில் யோசித்துப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை எட்னாதான் காரை ஓட்டினாள். வழி நெடுக அவர் ஒத்திகை பார்த்தார். "மிஸஸ் பிக்கப், உங்க ஈரலுக்கும் எனக்கும்..." என்று ஆரம்பித்தார். காதல் விவகாரம் மாதிரி இருக்கிறது என்றாள் எட்னா. "மிஸஸ் பிக்கப், மருத்துவர் ஒருத்தர்..." என்றார். மருத்துவர் மேல் பழியைப் போடலாம், தப்பில்லை என்றாள். அந்த வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டே, கைத்தடியை ஊன்றி, ஓட்டைச் செருப்போடு கடைக்குள் நுழைந்தார்.

நுழைந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள்.

சுவரில் இருந்த கரும்பலகையில் மேவிஸ் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: 'மிஸ்டர் என்ட்விசிலின் ஈரலும் வெங்காயமும்.' கீழே ஒரு பூ வேறு வரைந்திருந்தாள். "இனிமே இந்தத் தட்டுக்கு உங்க பேருதான், மிஸ்டர் என்ட்விசில். எப்படி இருக்கு?"

எட்னா அவர் முதுகில் விரலால் குத்தினாள். வில்ஃபிரட் பலகையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மருத்துவர், வாக்கியம் எல்லாம் எங்கோ போயின. தொப்பியைக் கழற்றினார்.

"அருமை, மிஸஸ் பிக்கப். ரொம்ப ரொம்ப அருமை. எனக்குத் தகுதியே இல்லை."

போய் உட்கார்ந்தார்கள். எட்னா சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. சமையலறைக் கதவு திறந்தது. கருகிய வெங்காய வாசனை முதலிலும், தட்டு அதன் பின்னாலும், மேவிஸ் அதற்கும் பின்னாலுமாக வந்தார்கள். மேவிஸ் பாதி வழி வந்ததும் எட்னா தொண்டையைச் செருமினாள்.

"மேவிஸ், உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்..."

எட்னாவை எப்படியாவது நிறுத்த வேண்டும். வேறு எதுவும் வில்ஃபிரட்டுக்குத் தோன்றவில்லை. மேசையில் கிடந்த சாப்பாட்டுப் பட்டியல் அட்டையை எடுத்து, மேசை மேலேயே ஓங்கி ஓர் அடி அடித்தார். வினிகர் புட்டி துள்ளி விழுந்தது.

எட்னாவின் பேச்சு நின்றது. ஆனால் மேவிஸும் நின்றாள். நாலு முறை அவரோடு தேர்வுக்குப் போனவள் அல்லவா? வலது கால் தரையில் அழுந்தி, ஆணி அடித்துவைத்தாற்போல் நின்றாள். குழம்பு தட்டிலிருந்து வழிந்து அவள் ஏப்ரனில் கொட்டியது. கடையே அவரைப் பார்த்தது.

ஏதாவது சொல்லியாக வேண்டும். அடித்த பிறகு என்ன சொல்வது என்று அவர் வாய்க்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். முதுகு தானாக நிமிர்ந்தது. குரல் தானாகத் தட்டையானது.

"மிஸஸ் பிக்கப், உங்களுக்குச் சொல்ல வருந்துகிறேன். நீங்கள் தேர்ச்சி பெறவில்லை."

சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. பூமி பிளந்தால் செருப்போடு இறங்கிவிடலாம் என்று காத்திருந்தார். மேவிஸ் தட்டை மெதுவாகப் பக்கத்து மேசையில் வைத்தாள். எதிர்நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து வில்ஃபிரட் கைக்குட்டையைத் தேடினார். நிமிர்ந்தபோதுதான் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

"பதினோரு வருஷம்!" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "அடப் பாவி மனுஷா, பதினோரு வருஷம்!"

"உங்களுக்கு... தெரியுமா?"

"நான் எந்த ஊர்க்காரி? மோசமில்லைன்னு ஒரு நாளாவது சொன்னீங்களா? அருமை, அருமைன்னா எனக்கு விளங்காதா? அன்னைக்குப் பை தீரவே இல்லை. மூணு தடவை என்னைத் தேறவிடாம பண்ணினீங்க, மூணு தட்டு ஈரல் குடுத்துக் கணக்கு தீத்துக்கலாம்னு பாத்தேன். வேணும்னேதான் கருக்கினேன். மூஞ்சிக்கு நேரே சொல்ற மனுஷன், முதல் தட்டுலயே சொல்லிடுவாருன்னு இருந்தேன்."

"அப்ப ஏன் நிறுத்தலை?" என்றாள் எட்னா.

"எப்படிடி நிறுத்தறது? ஆசையா தின்ற மாதிரி அவ்வளவு பாடுபடுறாரு. உங்களுக்குப் பிடிக்கலைன்னு எனக்குத் தெரியும்னு சொன்னா, மனுஷன் மானம் என்ன ஆகும்? மரியாதை வேண்டாமா?" மேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஊர்ல வேற ஒருத்தரும் ஈரல் கேக்கறதில்லை. உங்க ஒருத்தருக்காக வாராவாரம் கறிக்கடையில சொல்லி வைக்கிறேன். அந்த நாத்தத்துல எனக்கு வெள்ளிக்கிழமை சோறே இறங்காது. பலகையில பேரைப் போட்டாலாவது ரோஷம் வந்து கத்துவீங்கன்னு பாத்தேன். தொப்பியக் கழட்டி நன்றி சொல்றீங்க!"

வில்ஃபிரட்டுக்கு ஒரே நேரத்தில் கோபமும் வெட்கமும் வந்தன. இரண்டையும் மீறி ஒரு நிம்மதி வந்தது. இவ்வளவு வலிக்கு நடுவிலும் இப்படி ஒரு சுகமா என்று அவருக்கே ஆச்சரியம்.

மேவிஸ் எழுந்துபோய்க் கரும்பலகையை ஏப்ரனால் துடைத்தாள். திரும்பி வரும்போது கையில் பை இருந்தது. பொன்னாகப் பொரிந்த மேல்மாவு, பக்கத்தில் சிவப்பு முட்டைகோஸ். அவர் கத்தியை வைத்தார். வழிந்தது. ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்படி இருக்கு, கண்ணு?" என்றாள் மேவிஸ்.

வில்ஃபிரட் இன்னொரு வாய் வைத்து, மென்று முடித்தார். "மோசமில்ல" என்றார் கடைசியில். மேவிஸ் சட்டென்று திரும்பி, எதுவும் கொதிக்காத சமையலறைக்குள், ஏதோ கொதிக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது கதவைச் சாத்தினார்கள். கண்ணாடியை ஏற்றினார்கள். வண்டி தெருமுனையில் திரும்பியது. எட்னா காத்திருந்தாள். பதினோரு வருடமாக இந்த இடத்தில்தான் "அது ஈரலா, எட்னா? டயர்!" என்று ஆரம்பித்து, வீட்டு வாசல் வரை பேசுவார். அவள் ஒத்து ஊதுவாள், கிண்டல் செய்வாள், வயிறு வலிக்கச் சிரிப்பாள். மற்ற நாட்களில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. இன்று அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு திருப்தியாக உட்கார்ந்திருந்தார். பாலம் போயிற்று. தேவாலயம் போயிற்று. கடைசி விளக்குச் சந்திப்பில் சிவப்பு விழுந்தது.

"ஏதாவது சொல்லேன், வில்ஃப்" என்றாள். கேட்கவே பாவமாக இருந்தது.

அவர் யோசித்தார். நாக்கால் பல்லிடுக்கைத் துழாவிப் பார்த்தார்.

"அந்த முட்டைகோஸ்ல... வினிகர் கொஞ்சம் தூக்கல், இல்ல?"

"கொஞ்சமா? எனக்குத் தொண்டையே எரியுது!" என்றாள் எட்னா, முகம் மலர்ந்து. "அதை அவகிட்ட சொல்றதுதானே?"

"சீச்சீ! என்ன பேச்சு பேசுற? அவ மனசு என்ன பாடுபடும்?" என்றார் வில்ஃபிரட். "கிளம்பும்போது முட்டைகோஸ் எப்படின்னு கேட்டா. அருமைன்னுட்டேன்."