மினாவின் சுவரில் ஒரு காலி நாற்காலி

ஆத்லோன் சமூகக்கூடத்துச் சுவரில் மினா ஆரென்ஸ் வரைந்த விருந்தைக் கண்டு கடற்பறவைகள் கூட்டமாக இறங்கி, மஞ்சள் சோற்றைக் கொத்தி அலகை உடைத்துக்கொண்டன. சரி, அலகு உடையவில்லை. வந்ததும் ஒரே ஒரு பறவை, எச்சமிட்டுவிட்டுப் போயிற்று. ஆனாலும் சோறு அவ்வளவு அழகு.

மினா என் பக்கத்து வீட்டுக்காரி. மீன்கடைகளுக்கு விலைப்பலகை எழுதிப் பிழைத்தவள். வெள்ளைக்காரர்களிடம் மட்டும் இருந்த ஓட்டு எல்லோருக்கும் வந்த மறுவருடம் கூடத்துக் கமிட்டி அவளைக் கூப்பிட்டு, எல்லா நிறத்தாரும் சமமாக உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று வேண்டும் என்றது. யாருக்கும் தலைமை இடம் இல்லாதபடி வட்ட மேசையாக வரைந்தாள். தெருக்காரர்களையே உட்காரவைத்தாள், தன்னையும் சேர்த்துக்கொண்டாள்.

சமத்துவத்தில் யாருக்கும் சண்டை இல்லை. வண்ணம் கலக்கும்போதுதான் வம்பு. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு சொட்டுத் தடவி, அது தோலோடு தோலாக மறையும்வரை மினா விடமாட்டாள். நாங்களோ கூடப் பிறந்தவர்களுக்குள்ளேயே யார் வெளுப்பு என்று அளந்து வளர்ந்த ஜனம். மீன்கடை காசிம் வெயில்காலம் முடிந்து வருகிறேன் என்று நழுவினான். நான் முழங்கைவரை பவுடர் பூசிக்கொண்டு போனேன். போய்க் கழுவிவிட்டு வா என்று திருப்பி அனுப்பினாள்.

தன் பக்கத்து நாற்காலியில் மட்டும் அவள் யாரையும் உட்காரவிடவில்லை. அது தங்கை லொரேனுக்கு. கொஞ்சம் வெளுப்பும் நேர்முடியுமாகப் பிறந்தவள் லொரேன். ஆளை நிறம் பார்த்துப் பிரித்துவைத்த பழைய அரசாங்கம் அவளை வெள்ளைக்காரி என்று ஒப்புக்கொண்டதும் ரயில்பாதைக்கு அப்பால் வெள்ளைக்காரர் பகுதிக்குக் குடிபோய்விட்டாள். அதற்குப் பிறகு நகரத்தில் அக்காளைக் கண்டால் கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வாள். அம்மாவின் அடக்கத்துக்கும் வரவில்லை. இப்போது மினா அவளுக்கு ஆள் அனுப்பியிருந்தாள்.

சனிக்கிழமை திறப்புவிழா. ஒற்றுமைப் படத்தில் காலி நாற்காலியா என்று கமிட்டித் தலைவர் பீட்டர்சன் குதித்தார். வெள்ளிக்குள் ஆள் வராவிட்டால் தானே அதன்மேல் பூச்செடி வரைந்துவிடுவதாக மிரட்டினார்.

“அவ வருவா,” என்றாள் மினா. “வரலைன்னா அது காலியாவே இருக்கட்டும். அதுவும் நடந்ததுதானே.”

வெள்ளி மத்தியானம் பெரிய தொப்பியோடு லொரேன் வந்து நின்றாள். அழவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. காலி நாற்காலியையே வெகுநேரம் பார்த்தாள்.

“நான் உக்காரலாமா, சிஸ்ஸி?” என்று அக்காளைக் கேட்டாள்.

“தொப்பியைக் கழட்டு. மூஞ்சியில நிழல் விழுது.”

லொரேன் மணிக்கட்டை நீட்டினாள். மினா, தன் தோலுக்கென்று கலந்த அதே வண்ண டப்பாவில் தூரிகையைத் தோய்த்து ஒரு சொட்டு வைத்தாள். சொட்டு தோலில் கரைந்து காணாமல் போயிற்று. தெருவே அழுததில் சாக்கடைகள் பொங்கி வழிந்தன.

இதுவரை எழுதியதை மினாவுக்கு வாசித்துக் காட்டினேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“சாக்கடை பொங்கினா பொங்கட்டும். டப்பா விஷயத்தை மாத்து. மறுபடி ஓடிப்போயிடுவாளோன்னு பயந்து, அவளுக்குன்னு தனியா வெள்ளையை நிறைய ஊத்திக் கலந்து வச்சிருந்தேன். கையில வச்சதும் அவதான் அதைப் பாத்துட்டு, ‘இது நான் இல்ல சிஸ்ஸி, உன் டப்பாவை எடு’ன்னா.”