ரெண்டு வரி போதும்

கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, ஒரகடம் ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அரை மணி நேரம் தாமதமாகிவிட்டது. சூப்பர்வைசர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "ஏன் லேட்டுன்னு எழுதிக் குடும்மா. ரெண்டு வரி போதும்."

ரெண்டு வரி! இதை என் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நான் ஐந்தாவது படித்தபோது அப்பாவுக்கு மறைமலை நகர் கம்பெனி ஒன்றில் லேத் மெஷின் வேலை. வீட்டில் வாயே திறக்காத மனிதர். ஆனால் பத்து நிமிடத் தாமதத்துக்கு அவர் எழுதும் விளக்கக் கடிதம், அவர் பிறந்த கதையிலிருந்து தொடங்கும். கொடுப்பதற்கு முன் எங்களுக்குப் படித்தும் காட்டுவார்.

ஒருநாள் படித்தார்: "ஐயா, முந்தாநாள் கோபத்தில் சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டேன். அதிலிருந்து என் மனைவி சாப்பிடவில்லை. நேற்று அவள் சாப்பிடும்வரை வாசலிலேயே நின்றதால் தாமதம்."

அம்மா கரண்டியோடு வந்தாள். "இன்னாய்யா, இத எங்கிட்ட சொல்ல மாட்டே, மேனேஜருக்குத்தான் சொல்லுவியா?"

"அவருதானே ஏன்னு கேட்டாரு," என்றார் அப்பா.

அன்று அவர் தட்டில் ரெண்டு முட்டை.

அப்பா போய் மூன்று மாதமாகிறது. நான் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேனாவைத் திறந்தேன். "ஐயா, படப்பையில் அப்பாவைப் போலவே ஒருவர் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனார். அவர் பின்னாலேயே போனதில் பஸ் போய்விட்டது. அப்பாவைப் பற்றிச் சொல்வதானால்..."

தாள் இருபுறமும் நிறைந்துவிட்டது.

"சார், இன்னொரு பேப்பர் கிடைக்குமா?"