பால் உபயம்

ராஜினியக்கா வீட்டுப் பால் இப்போது ஊர்ச் சங்கத்துக்குப் போவதில்லை. விடிந்ததும் அவருடைய கணவர் சுதாகரன் பால் கானைச் சைக்கிளின் பின்னால் கட்டி, பூவரசங்குளம் பக்கம் போகிற பெரிய வீதிவரை உருட்டிக்கொண்டு போய், அங்கே வருகிற லொறியில் ஊற்றிவிட்டு வருகிறார். சங்கத்துக்குப் பால் சேர்க்கிற மோட்டார் சைக்கிள் அவர்களுடைய வேலிப் படலையைத் தாண்டித்தான் போகிறது. அது நிற்பதில்லை. நிற்கச் சொல்லி இவர்கள் கேட்பதுமில்லை. புதிதாக ஊருக்கு வருகிறவர்கள் ஏதோ காசுப் பிரச்சினை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

காசுப் பிரச்சினை இல்லை. ஒலிபெருக்கிப் பிரச்சினை.

ராஜினியக்காவின் தகப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தோட்டமொன்றிலிருந்து அடிபட்டு வந்தவர். குளத்தை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இந்த ஊரில் அப்போதே இருந்தன. வாய்க்கால் ஓரத்து வயல்கள் அவர்களுக்கு. தகப்பன் அந்த வயல்களில் கூலிக்கு இறங்கினார், காட்டோரம் ஒரு துண்டைத் துப்புரவாக்கிக் கொட்டில் போட்டார். ராஜினியக்கா பிறந்தது அந்தக் கொட்டிலில்தான். அவருக்கு வேறு ஊர் தெரியாது. ஆனாலும் நாற்பது வயது கடந்த பிறகும், "நீங்கள் எந்தப் பக்கத்து ஆக்கள்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கிறவர்களுக்குப் பதில் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்கள்.

ஊர்ப் பிள்ளையார் கோயிலில் தைப்பொங்கலன்று ஒரு வழக்கம் உண்டு. பானை அடுப்பில் ஏறியதும் ஒலிபெருக்கியில் உபயகாரரின் பெயர்களைச் சொல்வார்கள். அரிசி யார் தந்தது, சர்க்கரை யார் தந்தது, பயறு யார் தந்தது என்று ஊர் முழுக்கக் கேட்கும். அந்தப் பெயர்களில் காட்டோரத்துக் குடும்பம் ஒன்றுகூட நெடுங்காலம் இருந்ததில்லை. தகப்பன் ஒருமுறை ஒரு மூட்டை அரிசி கொண்டுபோனபோது, "அரிசி வேண்டிய அளவு இருக்கு, நீங்கள் வந்து கும்பிட்டாலே போதும்" என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்தக் கதவைத் திறந்தது மாடு. தை மாதத்தில் வயலெல்லாம் கதிராக நிற்கும். பயிரை மேய்ந்துவிடும் என்று ஊர் மாடுகள் அத்தனையையும் மழைக்கு முன்பே காட்டுப் பட்டிகளுக்குச் சாய்த்துவிடுவார்கள். அறுவடை முடிந்துதான் அவை திரும்பும். அதனால் பொங்கல் நேரத்தில் ஊருக்குள் கறக்கிற மாடு இருக்காது. ராஜினியக்கா மட்டும் ஜேர்சிக் கலப்பு மாடுகள் இரண்டைக் கொட்டிலில் கட்டி, புல் வெட்டிப் போட்டு வளர்த்தார். கோயில் பானைக்கு அன்று காலையில் ஊருக்குள் கறந்த பால்தான் விட வேண்டும். வேறு வழியில்லாமல் ஒரு வருடம் வந்து கேட்டார்கள். அந்தப் பொங்கலன்று, "பால் உபயம், சுதாகரன் ராஜினி குடும்பத்தினர்" என்று ஒலிபெருக்கி சொன்னபோது தகப்பன் உயிரோடு இல்லை. மகள் சுதாஜினிக்கு அப்போது எட்டு வயது. கொட்டில் வாசலில் நின்று, "அம்மா, எங்கட பேர்" என்று துள்ளினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தப் பெயர் சொல்லப்பட்டது.

இரண்டாயிரத்து இருபத்தொன்று பிறந்தபோது சுதாஜினி வவுனியா நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். முதல் வாரத்திலேயே நகரத்தில் தொற்று பரவத் தொடங்கியது. நேற்று எத்தனை பேர், இன்றைக்கு எத்தனை பேர் என்பதைத் தவிர ஊரில் வேறு கதை இல்லை. கடைகளைப் பூட்டினார்கள், வீதிகளை மறித்தார்கள், கடைப்பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பரிசோதித்தார்கள். சுதாஜினிக்குத் தொற்று என்று வந்தது. காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. பின்னேரம் பஸ் ஒன்று வீட்டு வாசலுக்கே வந்து அவளை ஏற்றிக்கொண்டு தூரத்திலிருந்த சிகிச்சை நிலையத்துக்குப் போனது. அவள் பையோடு படியில் ஏறுவதை வேலிகளுக்குப் பின்னால் நின்று படம் எடுத்தார்கள். அவள் வீட்டுப் படலை அன்றிரவே முகநூலில் இருந்தது. 'இந்த வீடுதான், பகிருங்கள்' என்று மேலே எழுதியிருந்தது. பகிர்ந்தவர்களில் பாதிப் பேர் அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்தவர்கள்.

பி.எச்.ஐ. எனப்படும் சுகாதாரப் பரிசோதகர் படலையில் அறிவித்தல் ஒட்டி, பதினான்கு நாள் வெளியே வரக்கூடாது என்றார். மாடு இருக்கிறதே என்று ராஜினியக்கா கேட்டார். "பாலில என்ன இருக்கு? காய்ச்சித்தானே குடிக்கிறது. படலைக்கு வெளியில வையுங்கோ, சங்கத்துப் பெடியன் எடுத்துக்கொண்டு போகட்டும்" என்றுவிட்டு அவர் போனார்.

அவருடைய மோட்டார் சைக்கிள் சந்தியைத் தாண்டியிருக்காது, ஒலிபெருக்கி கரகரத்தது. பேசியது குகதாசன். கோயிலுக்கும் பால் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். "பொதுமக்களின் கவனத்துக்கு. சுதாகரன் வீட்டில் கொரோனாத் தொற்று உறுதி செய்யப்பட்டுள்ளது. அந்த வீட்டுப் பக்கம் எவரும் செல்ல வேண்டாம். அந்த வீட்டுப் பாலை எவரும் வாங்க வேண்டாம்." மூன்று தரம் சொன்னார்.

பயப்படக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. குகதாசனின் மனைவி சிவனேஸ்வரிக்கு முட்டு வருத்தம், மழைக்காலத்தில் மூச்சு எடுக்கவே கஷ்டப்படுகிறவர். இப்படியொருவர் வீட்டில் இருந்தால் யாருக்கும் பயம் வரும். ஆனால் பயம் எதைப் பிடித்துக்கொள்கிறது என்று பாருங்கள். அதே துணிக்கடைக்கு அந்த வாரத்தில் புதுச்சட்டை வாங்கப் போன வீடுகள் ஊரில் பல. அந்த வீடுகளின் பெயரை ஒலிபெருக்கி சொல்லவில்லை. வாங்கிய சட்டைகளை யாரும் எறியவுமில்லை.

மாட்டுக்கு ஊரடங்கு தெரியாது. கறக்காமல் விட்டால் மடி வீங்கும். ராஜினியக்கா காலையும் மாலையும் கறந்தார். கறந்ததைத் தென்னையடியில் ஊற்றினார். முதல் நாள் மெதுவாகச் சரித்து ஊற்றினார் என்று சுதாகரன் சொல்கிறார். அடுத்த நாளிலிருந்து வாளிப் பாலை ஓங்கி வீசினார். தென்னையடி புளித்து மணக்கத் தொடங்கியதும் தயிராக்கி, கடைந்து, நெய் உருக்கினார். நெய் மணம் வேலி தாண்டிப் போனது. வீதியில் போன ஒருத்தி தன்னோடு வந்தவளிடம் உரக்கச் சொன்னாள்:

"பாரன், ஊரெல்லாம் செத்துக்கொண்டிருக்கு, கொரோனா வீட்டில நெய்ச் சமையல்."

"தோட்டக்காட்டுச் சனம் எண்டா அப்பிடித்தான். சுத்தமும் தெரியாது, வெக்கமும் தெரியாது."

ராஜினியக்கா கேட்டுக்கொண்டே நெய்ச்சட்டியை இறக்கினார். அந்தக் குரல்கள் யாருடையவை என்று அவருக்குத் தெரியும். ஒருத்தியின் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு காய மருந்து இடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

சுதாஜினி தினமும் தொலைபேசியில் கேட்பாள். "அம்மா, பால் எடுக்கினமோ?"

"ஓம் பிள்ளை, எடுக்கினம். நீ உன்ர சாப்பாட்டைப் பார்."

இரண்டு மூன்று நாள்தான் அந்தப் பொய் நின்றது. முகநூல் அவளிடமும் இருந்தது. பொங்கலுக்கு இரண்டு நாளைக்கு முன் அவள் அழாமலே சொன்னாள், "என்னாலதானே எல்லாம். இஞ்ச இருந்து விட்டதும் நான் அங்க வரேல்ல அம்மா. கொழும்பில கார்மென்டுக்கு ஆள் எடுக்கினமாம். அப்பிடியே போறன். நான் வராட்டில் உங்களை விட்டிடுவினம்."

"விசர்க் கதை கதையாத" என்றார் ராஜினியக்கா.

பொங்கலுக்கு முதல்நாள் பின்னேரம் குகதாசன் வந்தார். வீதியின் மறுகரையில் நின்றார். முகக்கவசம் தாடையில் இருந்தது; ராஜினியக்கா படலைக்கு வந்ததும் மேலே இழுத்துவிட்டார்.

"பிள்ளை, சுகமாய் இருக்கிறியளோ? சுதாஜினி எப்பிடி?"

"இருக்கிறாள். என்ன அண்ணை, வழி தவறி வந்திட்டியளோ? இந்தப் பக்கம் போகக்கூடாதெண்டு யாரோ சொன்னவை."

அவர் சிரிக்கப் பார்த்தார். "சனத்தின்ர பயத்துக்குச் சொன்னது பிள்ளை. மனசில வைக்காதேங்கோ. நாளைக்குப் பத்துப் பேரோட பொங்கச் சொல்லி அனுமதி தந்திருக்கினம். வழக்கம்போல பால்..."

"என்ர பாலோ?"

"காய்ச்சித்தானே பொங்கிறது. கிருமி நிக்காது."

"அதை அண்டைக்கே பி.எச்.ஐ. சொன்னவர். நீங்கள் கேக்கேல்ல. மனுசர் குடிச்சாச் சாவினம், பிள்ளையார் குடிச்சா ஒண்டுமில்லை, என்ன?"

"கோயில் விசயத்தில கோபப்படக்கூடாது பிள்ளை."

சுதாகரன் பின்னால் வந்து நின்றார். "குடுப்பம் ராஜினி. நாளைக்கும் இந்த ஊரிலதானே இருக்கோணும்."

குகதாசன் அதைப் பிடித்துக்கொண்டார். "அதைத்தான் நானும் சொல்லுறன் தம்பி. நாளைக்குத் தந்தா அடுத்த நாளில இருந்து சங்கத்துக்கும் எடுக்கச் சொல்லுறன்."

ராஜினியக்கா ஒன்றை மட்டும் கேட்டார். "பேர் சொல்லுவியளோ?"

"என்ன பேர்?"

"ஒவ்வொரு வரியமும் சொல்லுறது. பால் உபயம், சுதாகரன் ராஜினி குடும்பத்தினர். அண்டைக்கு மூண்டுதரம் எங்கட பேரைச் சொன்ன அதே ஒலிபெருக்கியில, அதே வாயால. அதைச் சொன்னாப் போதும். என்ர பிள்ளை இந்த ஊருக்குத் திரும்பி வரோணும்."

குகதாசன் வீதியைப் பார்த்தார். "சனம் பொங்கலைத் தொடாது பிள்ளை, பேர் சொன்னா. பாலைத் தாங்கோ. பேரை வாற வரியம் பாப்பம்."

"பேரைச் சொல்லுங்கோ. சொன்ன உடன கறந்து தாறன். பெடியனை வந்து படலையில நிக்கச் சொல்லுங்கோ."

"சரி, சரி, பாப்பம்" என்றபடி அவர் போய்விட்டார்.

அன்றிரவு சுதாகரன் சாப்பிடவில்லை. "ஒரு பேருக்காக ஊரைப் பகைக்கிறியோ?" என்று ஒருதரம் கேட்டார். "ஊர்தான் பகைச்சது. நான் படலைக்குள்ளதானே இருந்தனான்" என்று ராஜினியக்கா சொன்னார்.

பொங்கலன்று விடியும்போதே ராஜினியக்கா குளித்து, வாளியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். சிவப்பி மாட்டின் கன்றை ஊட்ட விட்டு, மடியில் பால் இறங்கியதும் இழுத்துத் தாயின் முன்காலருகே கட்டினார். காம்புகளைக் கழுவி, விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டு குந்தினார். ஒரு நிமிடத்தில் கறந்துவிடலாம். வாளி முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது.

படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சங்கத்துப் பையன் யதுர்ஷன். ஒரு கையில் பித்தளைச் செம்பு, மறுகையில் கிருமிநாசினி விசிறுகிற போத்தல்.

"அக்கா, பானை வைக்கப் போகினம். கெதியாத் தாங்கோ."

"அதென்ன தம்பி கையில?"

அவன் போத்தலைப் பார்த்தான். "செம்புக்கு வெளியில அடிக்கச் சொன்னவை அக்கா. நான் சொல்லேல்ல."

"நில், வாறன்" என்றார்.

ஒலிபெருக்கி தொடங்கியது. குகதாசனின் குரல்தான். பத்துப் பேர்தான் கோயிலில்; மற்ற எல்லோரும் வீடுகளில் இருந்து காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். புதுப்பானை அடுப்பில் ஏறிவிட்டது என்றார். பிறகு உபயங்கள். பச்சையரிசி உபயம், ஏரம்பு குடும்பத்தினர். சர்க்கரை உபயம், பரமேஸ்வரன் குடும்பத்தினர். பயறு, கற்கண்டு, முந்திரிகை வற்றல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு வந்தது. ராஜினியக்காவின் விரல்கள் காம்பில் இருந்தன. சுதாகரன் கொட்டில் தூணைப் பிடித்தபடி நின்றார்.

"பால் உபயம்..."

குரல் நின்றது. தொண்டையைச் செருமுவது ஊர் முழுக்கக் கேட்டது.

"பால் உபயம், ஊர்ப் பொதுமக்கள்."

ராஜினியக்கா எழும்பினார். வாளியைக் கவிழ்த்து வைத்தார். குனிந்து கன்றின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அது முட்டிக்கொண்டு போய் மடியில் விழுந்தது. நுரை அதன் வாயோரத்தால் வழிந்து வைக்கோலில் சொட்டியது.

"அக்கா, பால்?" என்றான் யதுர்ஷன் வெளியிலிருந்து.

"பொதுமக்களிட்டப் போய்க் கற தம்பி."

அவன் வெறுஞ்செம்போடு வண்டியைத் திருப்பினான். சுதாகரன் கொட்டிலின் மறுபக்கம் போய் மற்றக் கன்றையும் அவிழ்த்துவிட்டார்.

கோயிலில் அந்த வருடம் தேங்காய்ப்பாலில் பொங்கினார்கள். அடுத்த நாளும், பதினான்கு நாள் முடிந்து படலை அறிவித்தலைக் கிழித்த பிறகும், சங்கத்து மோட்டார் சைக்கிள் நிற்கவில்லை. அது நிற்காது என்பது கயிற்றை அவிழ்க்கும்போதே ராஜினியக்காவுக்குத் தெரியும்.

பொங்கலன்று காலையே, வெயில் ஏறும்போது சுதாஜினி தொலைபேசியில் அழைத்தாள்.

"அம்மா, பொங்கிட்டினமோ? எங்கட பேர் சொன்னவையோ?"

ராஜினியக்கா இந்தமுறை பொய் சொல்லவில்லை. "சொல்லேல்ல. நானும் பால் குடுக்கேல்ல."

கன்றுகள் வயிறு முட்டி வெயிலில் கிடந்தன.

"கேள் பிள்ளை. கொழும்பும் இல்லை, ஒண்டும் இல்லை. விட்ட உடன பஸ் ஏறு. அப்பா கூட்டிக்கொண்டு வர வருவார் எண்டு நிக்காத, பின்வளவால வரவும் வேண்டாம். கோயிலடியில இறங்கி, நடு வீதியால நடந்து வா."