கங்காருவின் இரண்டு பைகள்

"அய்யய்யோ, என் தலையணை! இது எப்படிடா உன் பைக்குள்ள போச்சு?" என்று பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள் கங்காரு. ஆறடி உயரப் பையன், கல்லூரியில் சேர்ந்து மூன்றே நாள். அவன் பையிலிருந்து வாத்துப் படம் போட்ட குட்டித் தலையணை வெளியே விழுந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்க வாயைத் திறந்தார்கள். அந்தச் சிரிப்பை இவள் வாங்கிக்கொண்டாள். "வாத்து இல்லாம எனக்குத் தூக்கம் வராது. என்ன இப்போ?" என்றாள். சாயங்காலம் அதைத் துண்டில் சுற்றி அவன் கூடாரத்துக்குள் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வந்தாள். நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். பார்த்ததாகச் சொல்லவில்லை. இது போன வருடம்.

புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பழகட்டும் என்று வருடா வருடம் கல்லூரியிலிருந்து மலைக்கு அழைத்து வருகிறார்கள். அடிவாரத்தில் ஓர் இரவு, உச்சியில் ஓர் இரவு. அடிவாரத்தில் சமையல் என்னுடையது. மூத்த மாணவர்களில் ஏழெட்டுப் பேர் தாமாக முன்வந்து கூட்டத்தை மேய்ப்பார்கள். அவர்களில் ஒருத்தி இவள். முதுகில் ஒரு பை, வயிற்றில் ஒரு பை. அதனால் கங்காரு. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

பஸ் வந்து நின்றதும் என் கையிலிருந்து கரண்டியையும் மூடியையும் பிடுங்கித் தட்டிக்கொண்டு ஆடுவாள். "பயப்படாதீங்க, இதைவிட மோசமா இங்க எதுவும் நடக்காது!" என்பாள். மிரண்டுபோய் இறங்கும் பிள்ளைகள் சிரித்துவிடும். நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். "இந்த உருளைக்கிழங்கு உங்களை மாதிரியே இருக்குக்கா, சாதுவா" என்று சொல்லிக்கொண்டே அதை விழுங்குவாள்.

பிள்ளைகளின் பைகளை முதலில் பிரித்துப் பார்ப்பது அவள் வேலை. மலைக்கு வேண்டாத சாமானை எடுத்துக் கிடங்கில் வைக்க வேண்டும். யாருக்காவது கண்ணில் நீர் முட்டினால், "இங்க போடு, பேசாத" என்று வயிற்றுப் பையைத் திறந்துவிடுவாள்.

இத்தனைக்கும் அவள் உச்சியைப் பார்த்ததே இல்லை. புதுப் பிள்ளையாக வந்த வருடம் மழை. போன வருடம் பாதி வழியில் ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகி, அவளைத் தாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். இது படிப்பின் கடைசி வருடம். "இந்தத் தடவை உருண்டாவது மேல போயிருவேன்க்கா!" என்று வந்த நிமிடத்திலிருந்து குதித்தாள்.

உடற்பயிற்சி ஆசிரியர் இந்த வருடம் புதுச் சட்டம் போட்டார். பன்னிரண்டு கிலோவுக்கு மேல் யாரும் தூக்கக்கூடாது. மிஞ்சிய சாமானை, யாருடையது என்று எல்லார் முன்னாலும் பெயர் வாசித்துக் கிடங்கில் வைப்பார். காலையில் என் உருளைக்கிழங்குத் தராசை வாங்கி மரக்கிளையில் கட்டினார். புதுப் பிள்ளைகளின் பைகளெல்லாம் பஞ்சாக இருந்தன. அவருக்கே ஆச்சரியம். கடைசியில் கங்காருவின் பைகளை மாட்டினார். முள் இருபத்தொன்றில் போய் நின்றது.

ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இஸ்திரிப் பெட்டி.

"மலைமேல கரண்டுக்கு எங்க போவ?"

"மரத்துல தேடிப் பாக்கலாம் சார்."

பத்தாம் நம்பர் பூட்ஸ்.

"இது உன் காலுக்கா?"

"வளரும் சார். ஒரு நம்பிக்கைதான்."

முகச்சவர சாமான். ஆசிரியர் அதைத் தூக்கிக் காட்டினார்.

"குளிர்ல யாருக்கு வேணும்னாலும் முளைக்கலாம் சார்."

நான் கரித்துணியால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆசிரியரின் மீசைகூட ஒருமுறை ஆடி அடங்கியது. ஆனாலும் விடவில்லை. "கூட்டிட்டுப் போறவங்களே சட்டத்தை மீறினா இந்தப் பிள்ளைங்க எப்படி மதிக்கும்? யார் யாருதுன்னு சொல்லு. பேரை வாசிச்சுட்டு உன்னை விட்டுடறேன். உன்னுதுதான்னா நீ கீழயே இரு."

பின்வரிசையில் நாலைந்து முகங்கள் வெளுத்தன. ஒருவன் வாயைத் திறந்தான். இவள் ஒரு முறை முறைத்ததில் மூடிக்கொண்டான். பிறகு மலையைப் பார்த்தாள், அடியிலிருந்து நுனிவரை.

"எல்லாம் என்னுதுதான் சார். எங்க வீட்ல கொஞ்சம் வசதி அதிகம்."

அவர்கள் வரிசையாக ஏறிப்போனார்கள். கடைசித் தலை மறையும்வரை மூடியைத் தட்டி ஆடிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். பத்துக் கிழங்கைச் சீவித் தள்ளினாள். ஆண்டவனே, இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று நானும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினொன்றாவது கிழங்கைத் தூக்கிப் பிடித்தாள். "அக்கா, இதுக்கு மூக்கு இருக்கு! நம்ம சார்!" இரண்டு பேரும் அடுப்பு அணைந்தது தெரியாமல் சிரித்தோம்.

மறுநாள் இறங்கி வந்த பிள்ளைகள் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே அவளைத்தான் மொய்த்தார்கள். ஆளுக்கொரு பக்கம் சட்டையைப் பிடித்து இழுத்து, மேலே பார்த்ததைக் கொட்டினார்கள்.

பஸ் கிளம்பியபோது படியில் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினாள். "மேகம் காலுக்குக் கீழ இருந்துச்சுங்கறான் ஒருத்தன். கடலே தெரிஞ்சுதுன்னு ஒருத்தி சத்தியம் பண்றா. இன்னொருத்தன், ஒண்ணுமில்ல, ஒரே ஈக்கூட்டம்தாங்கறான். எதைக்கா நம்பறது? ஒரு நாள் நாம ரெண்டு பேருமே போய்ப் பாத்துருவோம். வரும்போது அந்தத் தராசை மட்டும் எடுத்துட்டு வந்துராதீங்க!"