இடம் விட்டு நின்ற படம்

2014 மார்ச் தொடக்கத்தில் நான் நாகர்கோவிலுக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என்னோடு முதுகலை படித்த சாந்தா அங்கே ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் நடத்துகிறாள். இறுதியாண்டு மாணவர்களின் புகைப்படச் செயல்திட்டங்களுக்கு மதிப்பெண் போட வெளியாள் ஒருவர் வேண்டும் என்றாள். நான் கற்பிப்பது வரலாறு. பழைய படங்களை ஆதாரமாக வைத்துப் பாடம் நடத்துகிறவள். கணினியில் படத்தைத் திருத்துவது என்றாலே எனக்கு ஆகாது. "அதுக்குத்தான் உன்னக் கூப்பிடுகேன்" என்றாள்.

மதுரையிலிருந்து காலை ரயிலில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு நாகர்கோவில். ஆரல்வாய்மொழியை நெருங்கும்போது காற்றாலைகள் வரிசையாக வரும், தூங்கிவிடாதீர்கள். கோட்டாறு பக்கம் விடுதியில் ஓர் அறை 600 ரூபாய். சுத்தமாக இருந்தது. வெந்நீர் காலையில் மட்டும்தான்.

கண்காட்சி கல்லூரி அரங்கில். வாசலிலிருந்தே வானங்கள் தொடங்கின. இயற்கை தராத ஆரஞ்சு நிறம் எல்லாவற்றிலும் இருந்தது. திற்பரப்பு அருவி பாலாக ஓடியது. குலசேகரத்து ரப்பர் தோட்டம் கறுப்பு வெள்ளையில், நடுவே ஒரு குடை மட்டும் சிவப்பாக. அந்தக் குடையை நான்கு பேரின் படங்களில் பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே குடையா என்று கேட்டேன்.

"ஒரே குடைதான் மேடம். மாத்தி மாத்திப் பிடிச்சோம்" என்றான் ஒரு மாணவன், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

கடைசிச் சுவரில் ஷெலினின் படங்கள் இருந்தன. குலசேகரத்துப் பெண், அதிகம் பேசாதவள். ஐந்து குடும்பப் படங்கள். எல்லாவற்றிலும் ஆட்களுக்கு நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம். நான்கு படங்களின் பக்கத்தில் அதே படம் மறுபடியும் இருந்தது, வெற்றிடத்தில் ஓர் ஆணோடு. இந்தக் கடற்கரை ஊர்களில் வீட்டு ஆண் வெளியூரில் இருக்கும்போது குடும்பப் படம் எடுத்தால், அவருக்கு இடம் விட்டு நிற்பார்களாம். ஸ்டுடியோக்காரர் பிறகு அவரைச் சேர்த்துக் கொடுப்பார். அதையே ஷெலின் செயல்திட்டமாக எடுத்திருந்தாள். நிழல், தோல் நிறம், வேட்டி ஓரம் எல்லாம் நேர்த்தி. எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியவில்லை.

ஐந்தாவது படத்துக்கு மட்டும் ஜோடி இல்லை. ஒரு பெண், அவளுடைய மூத்த மகள், தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்கும் புது நன்மைக்கான வெள்ளை உடையில் இளைய மகள். இளையவளின் கை காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இது ஏன் முடியவில்லை?"

"முடிச்சேன் மேடம். அந்த அக்கா வேண்டான்னு சொல்லிட்டாவ. ஏன்னு சொல்லல்ல."

ஐந்து ஜோடி தருவதாக எழுதிக்கொடுத்தால் ஐந்தும் வேண்டும் என்பது விதி. ஒன்று குறைந்தால் அடுத்த ஆண்டு மறுபடி செய்ய வேண்டும். மறுநாள் மாலையோடு கெடு முடிகிறது. முடித்த படம் அவள் மடிக்கணினியிலேயே இருந்தது. மாட்டிவிட்டால் அந்தக் குடும்பத்துக்குத் தெரியவே போவதில்லை. "நாளைக்குக் காலைல போய் ஒருக்கா கேக்கப் போறேன்" என்றாள். நானும் வருகிறேன் என்றேன். அக்கறை என்று சொல்ல மாட்டேன், சந்தேகம்தான். கதை உண்மையா என்று பார்க்க வேண்டியிருந்தது.

குளச்சலுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம், இருபது கிலோமீட்டர் சொச்சம். மாசிக் கொடைக்கு மண்டைக்காடு போகிறவர்கள் நிரம்பியிருந்ததால் பாதித் தூரம் நின்றேன். குளச்சலிலிருந்து ஆட்டோ, 80 ரூபாய்.

"மேடம் மீன் வாங்கவா வந்திய?" என்றார் ஓட்டுநர்.

"இல்லை, ஒரு படம் பார்க்க."

"இங்க தியேட்டர் இல்லியே!"

ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை. படம் வேண்டாம் என்று சொன்ன ரெஜினாளின் வீடு கடலிலிருந்து மூன்றாவது தெரு. வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏட்டி, மறுபடியும் வந்தியா? படம் வேண்டான்னு சொன்னேன்லா?"

"என்ன தப்புன்னு மட்டும் சொல்லுங்கக்கா."

பக்கத்து வீட்டுப் பெண்தான் முதலில் வாய் திறந்தார். "தல மட்டும் இவளுக்க மாப்பிள சேவியரு. ஒடம்பு எனக்க கொழுந்தனுக்க ஒடம்பு! சட்டயப் பாத்தாலே தெரியுமே, அன்னைக்கு நீ தெருவுல வச்சு எடுத்த படந்தான. அவனும் சேவியரும் பேசி மூணு வருசமாச்சு மக்கா. நீ ஒண்ணா ஒட்டி வச்சிருக்க!"

எல்லோரும் சிரித்தோம். ரெஜினாள் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"அந்தத் தல எங்கேந்து எடுத்த?"

"அண்ணனுக்க அடையாள அட்டைலேந்துக்கா. அன்னைக்கு நீங்கதான் தந்திய."

"பேரு எழுதத்தான் தந்தேன். கேட்டியா, கெல்ஃபுல இருக்கவன் புதுசா ஒரு படம் எடுத்து அனுப்புவான். அத ஒட்டலாம். கடலுக்குப் போனவன் கர ஏறி வந்து, அதே எடத்துல நின்னு எடுக்கணும். பழைய படத்த வெட்டி ஒட்டுகது செத்தவங்களுக்கு. எனக்க மாப்பிள சாவல்லட்டி."

அவர் கணவர் சேவியர் ஆழ்கடல் விசைப்படகில் போயிருந்தார். வழக்கமாக வந்துசேர வேண்டிய நாள் தாண்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஷெலினின் மற்ற நான்கு குடும்பங்களும் வளைகுடாக் குடும்பங்கள். கடலுக்குப் போனவர் வீடு இது ஒன்றுதான். ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வழியில்லை. எனக்கும் தெரியாது.

ஷெலின் வாசல்படியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். கெடுவைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை, நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். எல்லோரும் பார்க்க அந்தக் கோப்பை அழித்தாள்.

மூத்த மகள் எட்டிப் பார்த்தாள். பத்தாம் வகுப்பு படிக்கிறாளாம். "குப்பத் தொட்டில கெடக்கும். அதயும் அழிங்க அக்கா."

அதையும் அழித்தாள். ரெஜினாள் உள்ளே போய் அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் கொண்டுவந்து வைத்தார். "தின்னுங்க. வெயில்ல வந்திருக்கிய." காரம் அதிகம். மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மாலை சாந்தாவோடு வாக்குவாதம். விதி விதிதான் என்றாள். அவள் சொன்னதும் நியாயமே. ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் சிவப்புக் குடைக்காரர்களும் வந்து நிற்பார்கள். கடைசியில், முடிவு அறிவிக்கும் நாள்வரை அந்த மதிப்பெண்ணை நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டாள். அதற்குள் படகு வர வேண்டும். மதுரைக்குத் திரும்பும் ரயிலில், நான் காத்திருப்பது எதற்கு என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, மதிப்பெண்ணுக்கா மனிதருக்கா என்று.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கண்காட்சிக்குக் கட்டணம் இல்லை. கல்லூரி நாட்களில் மட்டும். மாசியில் மண்டைக்காட்டு வழிப் பேருந்துகளில் இடம் கிடைக்காது, காலை எட்டுக்குள் ஏறிவிடுங்கள். கடற்கரை ஊர்களில் கேட்காமல் கேமராவைத் தூக்க வேண்டாம். வீடுகளில் மாட்டியிருக்கும் குடும்பப் படங்களைப் பார்த்து, இதில் யார் ஒட்டப்பட்டவர் என்று துப்பறியவும் வேண்டாம். கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

மூன்று வாரம் கழித்து, முடிவு அறிவிப்பதற்கு முன்பே, ஷெலினின் மின்னஞ்சல் வந்தது. இணைப்பில் அந்த ஐந்தாவது படம். தாடி வளர்ந்த, வெயிலில் கறுத்த ஒருவர் வெற்றிடத்தில் நிற்கிறார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. இளைய மகளின் கை அவருடைய சுண்டுவிரலில் சரியாகப் பொருந்தியிருக்கிறது. ஆனால் அவர்கள் மூவரும் நின்றது மாலை வெயிலில், அவர் கரை ஏறி வந்து நின்றது காலையில். மூன்று நிழல்கள் கிழக்கே விழுந்திருந்தன, ஒன்று மட்டும் மேற்கே.

"சாயங்காலம்வர காத்திருக்க அக்கா சம்மதிக்கல மேடம். திருப்பிப் போட்டா நிழல் சரியாவும், சட்டைப் பை வலது பக்கம் போயிடும். அதுவும் வேண்டான்னுட்டாவ" என்று எழுதியிருந்தாள்.

மதிப்பெண் தாளில் ஒளி ஒத்துப்போவதற்கு ஐந்து மதிப்பெண் உண்டு. அந்த ஐந்தையும் வெட்டினேன். மீதி எல்லாவற்றுக்கும் முழுதாகப் போட்டு அனுப்பினேன்.