சாயாக் கடையில் அழுகிறவர்

கன்னத்தில் அறைந்த இடத்துக்குக் கதை வந்ததும் நல்லசிவம் சாயா கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். வலது கையை மேசைமேல் விரித்து, "இந்தக் கைதான் சேட்டா, இதே கைதான்" என்பார். அதன் பிறகுதான் கண்ணீர். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் இஸ்மாயில் கடைக்குப் புதிதாக வருகிற லாரிக்காரர் யாரும் இதைக் கேட்காமல் போக முடியாது. கேட்டவர் அவருக்கு இன்னொரு சாயா சொல்லுவார்.

ஐம்பது வயது இருக்கும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து மூட்டை சுமக்கிறார். எவ்வளவு வெயிலானாலும் சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருக்கும். தன்னைவிட இளையவனையும் அண்ணாச்சி என்பார். சாக்கு தலையில் ஏறியதுமே சரக்கு எந்த மலையிலிருந்து வந்தது என்று மோந்து சொல்லிவிடுவார்.

அவர் சொல்கிற கதை இதுதான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், எழுபத்தேழாம் வருஷத்தில், அவர் மனைவி பேச்சியம்மாள் சுக்குக் கிடங்கில் புடைக்கிற வேலையில் இருந்தாள். ஒரு சாயங்காலம் வீடு திரும்பியவளின் முந்தானையில் கிராம்பு மணத்தது. கிராம்புக் கிடங்கு தெருக்கோடியில் இருந்தது. பெண்களுக்கு அங்கே வேலையே கிடையாது. அங்கே மேஸ்திரியாக இருந்தவர் வெங்கிடேஸ்வரன் என்ற இளவயதுக்காரர். நல்லசிவம் ஒன்றும் கேட்கவில்லை. அறைந்தார், கையை முறுக்கினார், எலும்பு முறிந்தது. மறுநாள் சுக்குக் கிடங்கு வாசலில் நின்று அவளையும் மேஸ்திரியையும் சேர்த்துக் கத்தினார். அவளுக்கு வேலை போயிற்று.

பேச்சியம்மாளுக்கு அன்று பல்வலி. கூட வேலை செய்த சஃபியா கிராம்பு கொடுத்துக் கடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். வழிந்த எச்சிலை முந்தானையில் துடைத்திருக்கிறாள். அவர் அறைந்தது வீங்கியிருந்த கன்னத்தில்.

இதையும் நல்லசிவம் மறைப்பதில்லை. "ஆனா கிராம்புதான் சேட்டா, அதுல தப்பில்ல. மூக்கு ஏமாறல, புத்திதான் கெட்டுப்போச்சு" என்பார். ஒவ்வொரு முறையும் மூக்கைக் காப்பாற்றிவிட்டுத்தான் அழுகிறார். கையை முறுக்கிய இடம் மட்டும் ஒரே மூச்சில் ஓடிவிடும்.

"எவ்ளோ ஆச வச்சிருந்தா இப்படிப் பொறாம வரும்? பாவம்லா மனுசன்" என்பார் இஸ்மாயில். கடையில் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

பேச்சியம்மாள் இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்து இட்லி அவித்து விற்கிறாள். வலது கை விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. கரண்டி பிடிப்பது இடது கையில். இந்த மழைக்காலத்தில் நல்லசிவத்துக்கு நெஞ்சில் சளி கட்டி மூட்டை தூக்க முடியாமல் போயிற்று. அவளோடு போய் இருக்கவேண்டும் என்றார். அவருக்காகக் கேட்க இஸ்மாயில் போனார். கடையில் தினமும் சாயா குடிக்கிற நானும் கூடப் போனேன்.

"மனுசன் உருகிப்போய்ட்டான் பேச்சி. கொஞ்சம் எரக்கப்படக் கூடாதா?"

"ஒங்க கடையில எத்தன பேருகிட்ட சொல்லியிருப்பாரு பாய்?"

"ஊருக்கே சொல்லியாச்சு."

"எங்கிட்ட ஒருக்கா சொல்லலியே." இட்லித் தட்டிலிருந்து துணியை உரித்தாள். "வந்து சொல்லச் சொல்லுங்க. கேட்டுட்டு, உள்ள விடலாமான்னு பாக்கேன்."

மறுநாள் காலை நல்லசிவம் குளித்து, வெளுத்த சட்டை போட்டு எங்களோடு வந்தார். "நான் செஞ்சது தப்பு பேச்சி" என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவள் வீட்டு வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்புக் கிடந்தது. தனியாக இருக்கிற பெண்கள் அந்தச் சந்தில் இப்படிப் பழஞ்செருப்பு வாங்கிப் போட்டுவைப்பார்கள், ராத்திரி கதவைத் தட்ட வருகிறவன் யோசிக்கட்டும் என்று. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவருக்கும் தெரியும்.

இஸ்மாயில் கூப்பிட்டார். தாழ்ப்பாள் விலகிற்று. பேச்சியம்மாள் கதவைத் திறந்து நின்றாள். நல்லசிவம் நிமிரவில்லை. தன் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை வாசலில் கிடந்த அந்த ஆண் செருப்புக்குள் நுழைத்து, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.