ஓடும் ஜீப்பிலிருந்து ஒரு குரல்

உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு மைக் அது. பக்கவாட்டில் ஒரு பொத்தான். அழுத்தினால் நாம் பேசலாம். விட்டால்தான் எதிர்முனையில் பேசுவது கேட்கும். ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும் வரை மற்றவர் எவ்வளவு கத்தினாலும் போய்ச் சேராது. எழுபதுகளின் நடுவில், மேற்குத் தாம்பரத்தில் சாலை போடும் கான்ட்ராக்ட் கம்பெனி ஒன்றில் அந்த வயர்லெஸ்ஸின் முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. படப்பைப் பக்கம் எங்கள் வேலை நடந்தது. அங்கே டெலிபோன் வசதி இல்லை. அதனால் முதலாளி எங்கெங்கோ அலைந்து லைசென்ஸ் வாங்கி, அலுவலகத்தில் ஒரு செட்டும் ஜீப்பில் ஒரு செட்டும் வைத்திருந்தார்.

ஜீப்பை ஓட்டியவரை எல்லோரும் டிரைவர் அண்ணா என்போம். செம்பாக்கத்தில் வீடு. ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார். நான் கூப்பிட்டால் உடனே பதில் வராது. வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுத்தான் மைக்கை எடுப்பார். "சொல்லு தங்கச்சி" என்ற குரலுக்குப் பின்னால் காக்கைச் சத்தமோ, தூரத்து மாட்டு வண்டியின் மணியோ கேட்கும். எனக்கு அது பழகிவிட்டது. மேனேஜருக்குப் பழகவில்லை. அவர் மூன்று வேலைகளை ஒரே நேரத்தில் செய்பவர். மற்றவர்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்.

ஒருநாள் அலுவலகத்திலேயே வைத்துக் கேட்டார். "பேசிக்கிட்டே ஓட்டறதுல உனக்கு என்னப்பா கஷ்டம்? ஒவ்வொரு தடவையும் நிறுத்தறதுக்கா இவ்வளவு செலவு பண்ணி செட் வெச்சிருக்கோம்?"

டிரைவர் அண்ணா தரையைப் பார்த்தபடி சொன்னார்: "கண்ணு ரோட்டு மேலதான் கீது சார். ஆனா பேச ஆரம்பிச்சா அது பாக்க மாட்டேங்குது."

மேனேஜர் சிரித்தார். அடுத்த வாரமே, இனி உடனுக்குடன் பதில் வராவிட்டால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பினார். வீட்டில் அண்ணாவின் சம்பளத்தை நம்பி ஐந்து பேர். அதன் பிறகு நான் கூப்பிட்டதும் பதில் வரத் தொடங்கியது. காக்கைச் சத்தம் போய், குரலுக்குப் பின்னால் என்ஜின் இரைச்சல் வந்தது. வாக்கியங்கள் பாதியில் நின்று நின்று வந்தன. கியர் மாற்றுகிறார் என்று புரிந்துகொள்வேன்.

அன்று முற்பகல், மேனேஜர் என் கையிலிருந்து மைக்கை வாங்கி அவரே பேசினார். தார் ஏற்றிய லாரி ஜீப்புக்குப் பின்னால் வருகிறதா என்று கேட்டார். "மண்ணிவாக்கம் தாண்டிக்கினு கீறேன் சார், இரு, பாத்து..." என்று குரல் வந்தது. லாரி வருகிறதா என்று பார்க்கத் திரும்பியிருக்கிறார். பிறகு பிரேக் கிறீச்சிட்டது, தகரம் நசுங்கியது, யாரோ அலறினார்கள். அண்ணா பொத்தானை விடவில்லை. மேனேஜர் "ஹலோ, ஹலோ" என்று இங்கிருந்து கத்திக்கொண்டே இருந்தார். எதுவும் அங்கே போகவில்லை. அங்கே நடந்ததெல்லாம் எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

சைக்கிளில் போன பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் மேல் ஜீப் மோதியிருந்தது. உயிர் தப்பினார். வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, பிறகு கடைசிவரை கட்டையை ஊன்றித்தான் நடந்தார்.

அன்று மாலை மேனேஜர் என்னைத் தனியாக அழைத்தார். விபத்து நேரத்தில் வயர்லெஸ்ஸில் யாரும் பேசவில்லை, செட்டின் லைசென்ஸ் போய்விடும், ஞாபகம் வைத்துக்கொள் என்றார். அண்ணாவிடமும், சைக்கிள்காரர் திடீரென்று குறுக்கே வந்தார் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணா நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், பேசிக்கொண்டே ஓட்டினேன், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டார். யார் பேசச் சொன்னது என்பதைச் சொல்லவில்லை. பேசுவதற்கெல்லாம் தனியாகச் சட்டம் இல்லையே என்று சப்-இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் யோசித்தாராம். கடைசியில் அஜாக்கிரதையாக ஓட்டியதாக எழுதிக்கொண்டார்.

செங்கல்பட்டு கோர்ட்டில் என்னையும் கூப்பிட்டார்கள். மேனேஜர்தான் பேசினார், பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டவரும் அவர்தான் என்று சொன்னேன். கம்பெனி வக்கீல் எழுந்து, வண்டி ஓட்டும்போது வயர்லெஸ்ஸில் பேசக் கூடாது என்று எந்தச் சட்டத்திலாவது இருக்கிறதா அம்மா என்று கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். அதோடு உட்காரச் சொல்லிவிட்டார்கள். அண்ணாவுக்கு அபராதம் போட்டு, லைசென்ஸை முடக்கினார்கள். கம்பெனி அவரை வேலையிலிருந்து நீக்கியது. என்னைப் போகச் சொல்லவில்லை. வேலை எதுவும் தராமல் உட்கார வைத்தார்கள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே நின்றுவிட்டேன். மேனேஜர் மேனேஜராகவே இருந்தார்.

வருடங்கள் கழித்து டிரைவர் அண்ணாவைத் தாம்பரம் மார்க்கெட்டில் பார்த்தேன். ஒரு மரக்கடையில் பாரம் இறக்கிக்கொண்டிருந்தார். தண்டனைக் காலம் முடிந்து லைசென்ஸ் திரும்பக் கிடைத்தும் வண்டியைத் தொடவில்லை என்றார். டீ குடித்தபடி, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஆசிரியரைப் பார்க்கப் பலமுறை போனாராம். முதலில் உள்ளே விடவில்லை. ஒருநாள் விட்டார்கள். ஆசிரியர் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அப்படி என்ன அவசரமா பேசிக்கிட்டிருந்தீங்க?"

"பின்னாடி தார் லாரி வர்தான்னு கேட்டாங்க சார்" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

ஆசிரியர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாராம்.

"வேற எதுனா பெரிய விஷயமா இருந்திருந்தா தேவல தங்கச்சி" என்றார் அண்ணா.

இப்போது சட்டம் இருக்கிறது. ஓட்டும்போது போன் பேசினால் அபராதம் என்று சாலையெங்கும் போர்டு வைத்திருக்கிறார்கள். என் மகன் தினமும் பொழிச்சலூரிலிருந்து காரில் வேலைக்குப் போகிறான். எப்போதாவது நான் கூப்பிட்டால், முதலில் வண்டி ஓட்டுகிறாயா என்றுதான் கேட்பேன். "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்மா, ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான் இருக்கு, சொல்லு" என்பான். கையைப் பற்றி நான் கேட்கவில்லை என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? ஒன்றுமில்லை என்று வைத்துவிடுவேன். என்னவோ ஏதோ என்று பயந்து அடுத்த நிமிடமே அவன் திரும்பக் கூப்பிடுவான். எடுத்தால், அவன் குரலுக்குப் பின்னால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்.